ஏழு கால் தேள்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் இனியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி அன்பரசுவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில்தான் கெடுத்தேன், அதைப் போனிலேயே சரிசெய்ய எனக்கு வாய் வரவில்லை. அம்மா உனக்குப் பருப்புப் பொடியும் முறுக்கும் கூரியரில் அனுப்புகிறாள், அந்த டப்பாவின் மேலே இந்தத் தாளை மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமைக்குள் கட்டாயம் வந்துவிடும் என்று கூரியர்க்காரர் சொன்னார். வியாழக்கிழமை உனக்கு இன்டர்வியூ என்பதால் முறுக்கைப் பிறகு பார்த்துக்கொள், முதலில் இதைப் படி.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. அன்பரசு பாலிடெக்னிக்கில் மிச்சம் வைத்திருந்த ஒரே பேப்பரையும் பாஸ் செய்துவிட்டான், அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது, தண்ணீர் பிடிக்கச் சொன்னால் இன்ஜினியரிடம் சொல்கிற வேலையா இது என்பதுபோல் பார்க்கிறான். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஆனால் என்னிடம் அதை ஒப்புக்கொள்ளமாட்டாள், ஒப்புக்கொண்டால் மாடியில் துணி காயப்போடுவது அவள் தலையில் வந்துவிடுமாம். கடையில் ஆவணி முகூர்த்தக் கூட்டம். புடவை விரித்துக் காட்டுகிற மெத்தையில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து என் இடுப்பு ஒருவழியாகிவிட்டது. வேலூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், காஞ்சிபுரத்துக்காரர்கள் பட்டெடுக்க ஆரணிக்கு வருகிறார்களே என்று கேட்டால் அதற்கு ஒரு மணி நேரம் பேசுவேன், இப்போது வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ போன் செய்தபோது நான் பேசிய பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. அந்த முதல் ஹோட்டலில் மூன்று ரவுண்டு இன்டர்வியூவும் நன்றாக முடிந்து, கடைசியில் ஒரு மேடம் உன் இடது கையைப் பார்த்து, ரிசப்ஷனில் நிற்கிற பெண்ணுக்குக் கையில் பச்சை தெரிந்தால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள், இதை மறைக்க முடியுமா என்று கேட்டதும், உங்கள் யூனிஃபார்ம் அரைக்கை, எப்படி மறைப்பது, மறைக்கிற மாதிரி இதில் தப்பும் ஒன்றுமில்லை என்று நீ சொன்னதும், அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராததும் எல்லாம் சொன்னாய். "அப்பா, கையில பச்சை குத்திக்கினு ஆறு மாசம் ஆவுது, உங்களாண்ட சொல்ல பயமா இருந்துச்சி. இப்போ வேற ஹோட்டல்ல கூப்ட்டுருக்காங்க. கிரீம் போட்டு மறைச்சிக்கினு போவட்டுமா, இருக்கிறபடியே போவட்டுமா, நீங்க சொல்லுங்கப்பா" என்று கேட்டாய். ஒரு பெண் இவ்வளவு தூரத்திலிருந்து அப்பாவை நம்பிக் கேட்கிறாள். நான் என்ன பச்சை, எதைக் குத்தினாய் என்றுகூடக் கேட்கவில்லை. படிக்க வைத்தது கையைக் கெடுத்துக்கொள்வதற்கா, லேசரோ என்னவோ வைத்து எடுத்துவிட்டு வேலைக்குப் போ என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நீ அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவையும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா வைத்த குழம்பில் மூன்று நாள் உப்பு இல்லை.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதை உனக்குச் சொல்லவேண்டும். நான் கடைக்குப் போகும்போது முழுக்கைச் சட்டைதான் போடுவேன் என்று உனக்குத் தெரியும். சித்திரை வெயிலிலும் அதேதான். அந்தச் சட்டைகளுக்கு மணிக்கட்டில் பட்டன் இருக்காது, டெய்லர் அதற்குப் பதில் துணியிலேயே ஒரு முடிச்சு வைத்துத் தைத்துத் தருவார், அது என்னப்பா பட்டன் இல்லாத சட்டை என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய். பட்டுப் புடவை விற்கிறவனுக்குக் கைதான் மேஜை. முந்தானையை மடியில் வைத்துக் காட்டினால் எடுபடாது, இடது கையை நீட்டி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அதைப் போட்டு, கையை மெல்லத் திருப்பினால்தான் ஜரிகை வெளிச்சத்தில் பேசும். பட்டன் மாட்டினால் இழை இழுத்துக்கொண்டு வந்துவிடும். மோதிரம் போடக்கூடாது, நகம் வளர்க்கக்கூடாது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதைவிட நம் கையைப் பார்ப்பதுதான் அதிகம்.

முழுக்கை எதற்கு என்று கேட்டபோதெல்லாம் அது கடையின் வழக்கம் என்று சொல்லிவந்தேன். அது பொய். என் இடது கையில் இருக்கிற தேளை நீ ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் தேய்க்கும்போது தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாய், அதற்காகத்தான் முழுக்கை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அரிசி மில்லில் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு இந்தக் கடையில் பேக்கிங்குக்குச் சேர்ந்தேன், ஒரு வருடத்தில் பெரிய முதலாளி வீரபாகு ஐயா என்னை மெத்தையில் உட்காரச் சொன்னார். அன்றைக்கே என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஜெயவேலு, நீ வேல தெரிஞ்ச ஆளு. ஆனா பார்ட்டி இந்தப் பச்சைய பாத்தா எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கும். கேட்டுட்டு வேற ஆள எடுத்துப் போடச் சொல்லும். உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, முதல் இரண்டு முழுக்கைச் சட்டையை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொண்டேன். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. மெத்தையிலிருந்து சூப்பர்வைசர் ஆனேன், சேல்ஸுக்கு ஆள் எடுக்கிற பொறுப்பும் என்னிடம் வந்தது. அப்புறம் அதே சட்டத்தை நானே மற்றவர்களுக்குப் போட ஆரம்பித்தேன். கை, கழுத்து இரண்டிலும் பச்சை தெரிந்தால் வேலை இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் வெம்பாக்கத்திலிருந்து ஒருவன் வந்தான், என்ன பேச்சு, என்ன பணிவு, பத்து நிமிடத்தில் எனக்கே ஒரு புடவை விற்றிருப்பான். கழுத்தில் ஒரு பறவை குத்தியிருந்தான். போய்வா தம்பி என்று அனுப்பிவிட்டேன், அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், கொஞ்சமும் உறுத்தவில்லை. இப்போது புரிகிறதா, உன்னை வேண்டாம் என்று சொன்ன அந்த மேடம் செய்த வேலையைத்தான் உன் அப்பா நான் ஆரணியில் செய்துகொண்டிருந்தேன். நீ போனில் பேசியபோது எனக்குக் கோபம் உன்மேல் வரவில்லை, எங்கேயோ இருந்த கோபம் உன்மேல் வந்து விழுந்தது.

போன புதன்கிழமை நடந்ததைக் கேள். சேத்துப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற சாரா என்று ஒரு பெண்ணை மூன்று மாதத்துக்கு முன்னால் சேல்ஸுக்கு எடுத்தேன். கையில் சின்னதாக ஒரு சிலுவை, அதற்குக் கீழே பிலிப் என்று அவள் அப்பா பெயர். அப்பா தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறதாம். கெட்டிக்காரப் பெண், திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, அதனால் பெரிய தர்மவான் மாதிரி, மெடிக்கலில் தோல் நிறத்தில் பிளாஸ்திரி கிடைக்கும், அதை மேலே ஒட்டிக்கொண்டு வா என்று சொன்னேன். தினமும் ஒட்டிக்கொண்டுதான் வந்தாள். புதன்கிழமை வேலூரிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி, பெண்ணும் அம்மாவும் இன்னும் நாலு பேரும். அரக்கு நிறத்தில் அகல ஜரிகை போட்ட முகூர்த்தப் புடவை, பெண்ணுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. சாரா முந்தானையைக் கையில் போட்டுத் திருப்பிக் காட்டினாள். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது, வியர்வையில் பிளாஸ்திரியின் ஓரம் கிளம்பி அந்தப் பசை ஜரிகையில் ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் தெரியவில்லை. புடவையை எடுத்தபோது சர்ரென்று இழை இழுத்துக்கொண்டு, முந்தானையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. கல்யாணப் பெண் அப்படியே வாயில் கையை வைத்துக்கொண்டாள். முகூர்த்தப் புடவையில் இழை போனால் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பெரியவரின் மகன் இளவரசன்தான் இப்போது முதலாளி, உனக்குத் தெரியும். கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார், பாதி உரிந்த பிளாஸ்திரியும் அதற்குக் கீழே சிலுவையும் தெரிந்தது. "பச்சை குத்தின கைய உள்ள விட்டா இப்டித்தான். ஜெயவேலண்ணே, நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றார். எல்லோர் முன்னாலும்தான். சாரா அழவில்லை, புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மடிப்பு நேராக விழுந்தது. அப்போது உன் குரல்தான் காதில் கேட்டது, மறைக்கிற மாதிரி இதில் தப்பு ஒன்றுமில்லை என்று நீ அந்த மேடத்திடம் சொன்னாயே, அது. என் பெண் ஊர் பேர் தெரியாத இடத்தில் தனியாக உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கிறாள், நான் இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கிய கடையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். "சார், புடவைய இழுத்தது பச்சை இல்ல, பிளாஸ்திரி. ஒட்டிக்கினு வரச் சொன்னது நானு. அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. கை முடிச்சை அவிழ்த்துச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன். "உங்க அப்பா காலத்துலருந்து இந்தக் கையிலதான் உங்க புடவைய வித்துகினு இருக்கேன்" என்று நீட்டிக் காட்டினேன். இந்த வயதில் வேலை போனால் அன்பரசுவின் நடையைத்தான் நம்பியிருக்கவேண்டும். இளவரசன் குனிந்து என் கையை உற்றுப் பார்த்தார், பார்த்துவிட்டு, "அண்ணே, இது இன்னாது, இறாலா" என்றார். தேளுங்க சார் என்றேன். கல்யாணப் பெண் முதலில் சிரித்தாள், அப்புறம் அவள் அம்மா, அப்புறம் மெத்தையில் இருந்த எல்லோரும். அந்த அம்மா பேங்கில் ஆபீசராம். "எங்க மாமியாருக்குக் கை பூரா இருக்குது, அவங்க எடுத்துக் குடுத்த புடவையிலதான் எனக்கு கல்யாணம் நடந்துச்சி. அந்தப் பொண்ணையே வேற எடுத்துக் காட்டச் சொல்லுங்க" என்றார்கள். சாரா பிளாஸ்திரியை உரித்துப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டாள். அதையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் இளவரசன் என்னைக் கூப்பிட்டு, கையில் இருக்கிற பச்சைக்கு இனிமேல் தடை இல்லை, கழுத்திலும் முகத்திலும் இருந்தால் வேண்டாம், பார்ட்டி மிரளும் என்றார். கழுத்து என்ன பாவம் செய்தது என்று கேட்டேன், ஒரே வாரத்தில் எல்லாத்தையும் கேக்காதீங்கண்ணே என்றார். அது நியாயம்தான், கழுத்துக்கு இன்னொரு நாள் போய் நிற்கிறேன். அந்த வெம்பாக்கத்துத் தம்பியின் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். வேறு ஊரில் செல்போன் கடையில் நல்ல வேலையில் இருக்கிறானாம். நான் யார் என்றே அவனுக்கு ஞாபகம் இல்லை, எந்தக் கடைங்க, நிறைய எடத்துல கேட்டேன் என்றான். மன்னிப்புக் கேட்கக்கூட இடம் கிடைக்கவில்லை, நல்லா இருப்பா என்று வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம், அந்தப் போட்டோவைக் காட்டு என்றேன். அவள் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று இப்போது தெரிகிறது. நான் ஏதோ பூவோ பட்டாம்பூச்சியோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இடது கை, முழங்கைக்கு நாலு விரல் கீழே, வால் தூக்கி நிற்கிற ஒரு தேள். இறால் மாதிரிதான் இருக்கிறது. என் கையை அதற்குப் பக்கத்தில் வைத்துக் கால்களை எண்ணினேன். ஏழு. இன்னொரு தடவை எண்ணினேன், என் தேளுக்கும் ஏழு, உன் தேளுக்கும் ஏழுதான். சோறு இறங்கவில்லை, இனியா. மோர் கொண்டுவந்த அம்மா, தெரிஞ்சுச்சா என்று மட்டும் கேட்டாள். இதை நான் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே, லேசர் வைத்து எடு என்று சொல்லியிருக்கிறேனே, அந்த வாயை என்ன செய்வது. நான் சட்டைக்குள் வைத்துப் பூட்டியதை நீ வெளியே போட்டுக்கொண்டு, வேலையே கைவிட்டுப் போனாலும் அந்த மேடத்தின் முன்னால் மறைக்காமல் உட்கார்ந்திருக்கிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. கடையில் இதுவரை பதினோரு பேரிடம் சொல்லிவிட்டேன், சாரா போட்டோவைப் பார்த்துவிட்டு, அக்கா கை அழகு, தேள்தான் சுமார் என்கிறாள்.

வியாழக்கிழமைக்கு நான் சொல்வது இதுதான். ஆள் எடுக்கிறவனாகச் சொல்கிறேன், வேலை கட்டாயம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போன வாரம் வரைக்கும் நானே இருந்தேன். யூனிஃபார்மே முழுக்கையாக இருந்தால் தாராளமாகப் போட்டுக்கொள், உடுப்பில் ஒரு தப்பும் இல்லை, முழுக்கைச் சட்டைதான் நம் வீட்டில் அடுப்பு எரியவைத்தது. ஆனால் கிரீம் பூசிக்கொண்டு, எப்போது வியர்க்கும், எப்போது அழியும் என்று பயந்துகொண்டே யார் முன்னாலும் நிற்காதே. அந்தப் பயத்தோடு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஒரு கண் எப்போதும் கைமேலேயே இருக்கும், எதிரில் இருக்கிறவர்கள் முகத்தை முழுசாகப் பார்க்கவே முடியாது. நகத்தை வெட்டிக்கொள். கேட்டதற்குப் பதில் சொல்லி நிறுத்து, அதிகம் பேசினால் விற்க வந்த சரக்கில் குறை இருக்கிறது என்று நினைப்பார்கள். வெறும் வயிற்றோடு போகாதே. நீ தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி முந்தின நாளே ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்துகொள், மழை பெய்தால் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. தேளுக்கு ஏன் ஒரு கால் இல்லை என்று நீ சின்னப் பிள்ளையாகக் கேட்டபோது, பாம்போடு சண்டை போட்டதில் போய்விட்டது என்று சொன்னேன், நீயும் நம்பி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உண்மை அது இல்லை. எனக்குப் பதினேழு வயது, ஆடி வெள்ளிக்குப் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனபோது பச்சை குத்துகிற அம்மாவிடம் கையை நீட்டினேன். ஏழாவது கால் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அதற்குமேல் வலி தாங்காமல் எழுந்து ஓடிவிட்டேன். பாம்பும் இல்லை, சண்டையும் இல்லை, உன் அப்பா ஓடியதுதான். நீ எட்டாவது காலையும் குத்திக்கொண்டிருக்கலாம், உன்னால் தாங்கியிருக்க முடியும். என் கையில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று ஏழோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறாய். வியாழக்கிழமை யாராவது இது என்ன என்று கேட்டால், எங்கள் அப்பா கையில் இருக்கிற தேள் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திரு, அம்மா.

ரேணுகாம்பாள் உன்கூட இருப்பாள், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதல் போன் எனக்குச் செய், இந்தத் தடவை நீ வைக்கிற வரைக்கும் நான் வைக்கமாட்டேன். காலி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே, பொங்கலுக்கு வரும்போது கட்டாயம் கொண்டுவரச் சொல்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
இருக்கிற முழுக்கைச் சட்டை ஆறையும் அரைக்கையாக வெட்டச் சொல்லி நேற்று டெய்லரிடம் கொடுத்துவிட்டு வந்த
உன் அப்பா,
ஜெயவேல்